ஐந்து பிரைம் மூவர், மூன்று கிரேன் லாரி: இதில் எதற்கு ஹைப்ரிட்?

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் சிறிய லாரி நிறுவனம் நடத்துகிறேன். ஐந்து பிரைம் மூவர் (கொள்கலன் இழுக்கும் லாரி), மூன்று கிரேன் லாரி, இரண்டு 14 அடி லாரி இருக்கின்றன. பிரைம் மூவர்கள் துவாஸ், பாசிர் பாஞ்சாங் துறைமுகங்களிலிருந்து கொள்கலன்களை சாங்கி, உட்லண்ட்ஸ் கிடங்குகளுக்குக் கொண்டுபோகின்றன. கிரேன் லாரிகள் கட்டுமானத் தளங்களுக்குப் போகின்றன. 14 அடி லாரிகள் தேக்கா கடைகளுக்கும் புளோக் கீழே உள்ள மினிமார்ட்டுகளுக்கும் மளிகை இறக்குகின்றன. பெரிய வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் வண்டிகளின் கரிம வெளியேற்றம் எவ்வளவு, அதைக் குறைக்க என்ன திட்டம் என்று கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார். 2017ல் எடுத்த இரண்டு பிரைம் மூவர்களுக்கு அடுத்த ஆண்டு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிகிறது. "ஹைப்ரிட் எடுங்கள், டீசல் 30 விழுக்காடு மிச்சமாகும்" என்கிறார் விற்பனையாளர். "எடுத்தால் முழு மின்சார லாரிதான், ஹைப்ரிட் எல்லாம் பழைய கதை" என்கிறான் மகன். கரிம வரி வேறு ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். முதலில் வரி பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுவோம். கரிம வரி 2024லும் 2025லும் டன்னுக்கு 25 வெள்ளி, 2026லும் 2027லும் 45 வெள்ளி, 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் மின்நிலையம், சுத்திகரிப்பு ஆலை போன்ற பெரிய இடங்களுக்கான வரி. உங்கள் லாரிக்கு நேரடியாக வராது. நீங்கள் கட்டுவது டீசல் தீர்வை, லிட்டருக்கு 20 காசு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் டன்னுக்கு 75 வெள்ளி அளவுக்கு நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்! அதற்குக் கரிம வரி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி 30 விழுக்காட்டுக்கு வருவோம். விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த எண் எந்த வண்டிக்கு, எந்தச் சாலைக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். டீசல் இஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டி தானாக எந்த ஆற்றலையும் உண்டாக்குவதில்லை. அதில் போகும் ஒவ்வொரு சொட்டு ஆற்றலும் டீசல் தொட்டியிலிருந்துதான் வருகிறது (இரவில் செருகி மின்னேற்றும் வகை மட்டும் விதிவிலக்கு). வீணாகப் போவதைப் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் வண்டி எங்கே, எப்படி வீணாக்குகிறது?

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். 24 டன் எடையுள்ள லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் ஓட்டத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 0.93 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் இருக்கிறது. நல்ல இஞ்சின் அதில் 4 யூனிட்டைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படியானால் ஒரு சிவப்பு விளக்கில் நின்றால் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசல் பிரேக் சூடாகப் போய்விடுகிறது. இதைக் கேட்டால் ஹைப்ரிட் வாங்க ஓடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த லாரி 15 விநாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் சராசரியாக 220 கிலோவாட் சக்தியை விழுங்க வேண்டும். சிறிய ஹைப்ரிட் லாரிகளில் இருக்கும் மோட்டார் 40 கிலோவாட் அளவுதான். அதனால் பிடிக்க முடிவது ஆறில் ஒரு பங்கு. மீதி வழக்கம்போல பிரேக்குக்குப் போகிறது. பிடித்ததும் பேட்டரிக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் கொஞ்சம் கரைகிறது. கடைசியில் கையில் கிடைப்பது ஒரு நிறுத்தத்துக்கு 30 மில்லி லிட்டர் டீசல். மோட்டார் 120 கிலோவாட்டாக இருந்தால் 90 மில்லி. அதனால்தான் "ஹைப்ரிட்டா?" என்று கேட்டால் போதாது. மோட்டார் எத்தனை கிலோவாட், பேட்டரி எத்தனை யூனிட் என்று கேளுங்கள். இன்னொன்று, ஓட்டுநர் முன்கூட்டியே காலை எடுத்து 30 விநாடியில் நிறுத்தினால் தேவைப்படும் சக்தி பாதியாகி, அதே சிறிய மோட்டார் இரண்டு மடங்கு பிடிக்கும். ஹைப்ரிட் வாங்கிவிட்டு ஓட்டுநருக்குப் பயிற்சி தராமல் விடுவது பாதிக் காசை வீசுவதற்குச் சமம்.

இப்போது உங்கள் பிரைம் மூவரைப் பாருங்கள். துவாஸிலிருந்து சாங்கிக்கு 45 கி.மீ. அளவு. ஆயர் ராஜா விரைவுச்சாலையிலோ தீவு விரைவுச்சாலையிலோ ஏறிவிட்டால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அனுமதிக்கும் 60ல் ஒரே சீராகப் போகிறீர்கள். இரண்டு முனையிலும் சேர்த்துப் பத்து முறை நின்றாலும் 40 கிலோவாட் மோட்டார் மீட்டுக்கொடுப்பது 300 மில்லி, பெரிய மோட்டார் 900 மில்லி. அந்தப் பயணத்துக்கு நீங்கள் எரிப்பது 18 லிட்டர் என்றால் மிச்சம் 2 முதல் 5 விழுக்காடு. பேட்டரியும் மோட்டாரும் சில நூறு கிலோ எடையைக் கூட்டும், அந்த அளவுக்குச் சரக்கு குறையும். விரைவுச்சாலையில் ஜாம் ஆகும் நாளில் மிச்சம் கூடும் என்பது சரி. ஆனால் ஜாமை நம்பி யாரும் லாரி வாங்குவதில்லை.

வெளிநாடுகளில் நெடுந்தூர ஹைப்ரிட் லாரிகள் ஓடத்தானே செய்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். ஓடுகின்றன. ஜப்பானின் ஹினோ நிறுவனம் 1991லேயே ஹைப்ரிட் பேருந்தை ஓடவிட்டது. 2019ல் புரோஃபியா என்ற கனரக லாரியிலும் ஹைப்ரிட் கொண்டுவந்தது. அந்த லாரி முன்னால் வரும் 100 கி.மீ. சாலையின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்து, எங்கே பேட்டரியைச் செலவழிப்பது, எங்கே நிரப்புவது என்று முடிவுசெய்கிறது. ஜப்பானின் மலைப்பாதையில் நீண்ட இறக்கம் வரும்போது பல நிமிடம் தொடர்ந்து மின்சாரம் பிடிக்கலாம். நம்மிடம் இருக்கும் ஆக உயரமான மலை புக்கிட் தீமா, 163 மீட்டர். அதன் மேல் கொள்கலன் ஏற்றிப் போகும் வேலை யாருக்கும் இல்லை! மேம்பாலத்தின் இறக்கத்தை வைத்துக்கொண்டு பேட்டரி நிரப்ப முடியாது. அமெரிக்காவில் ஹைலியான் என்ற நிறுவனம் நெடுஞ்சாலை லாரிகளுக்கு மின்சார உதவி அமைப்பு விற்கக் கிளம்பி, 2023 இறுதியில் லாரித் தொழிலையே விட்டு விலகியது. தொழில்நுட்பம் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பத்து ஆண்டு ஓட்டவேண்டிய வண்டிக்கு உதிரிபாகம் யார் தருவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆகவே பிரைம் மூவருக்கு ஹைப்ரிட் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் அந்த வண்டிகள் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். துறைமுகத்திலும் கிடங்கு வாசலிலும் காத்திருக்கும்போது ஏர்கானுக்காக இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கனரக டீசல் இஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் 7 லிட்டருக்கு மேல். ஆண்டில் 280 வேலை நாளுக்கு, ஒரு வண்டிக்கே 5 டன்னுக்கு மேல் கரியமில வாயு. சரக்கை ஒரு மீட்டர்கூட நகர்த்தாத டீசல் இது. போக்குவரத்தில் நிற்பதைத் தவிர மற்ற நேரத்தில் இஞ்சினை ஓடவிட்டு நிறுத்திவைப்பது இங்கே குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 32 டிகிரி வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓட்டுநரை ஏர்கான் இல்லாமல் உட்காரச் சொல்வது நியாயமில்லை. தனி பேட்டரியில் ஓடும் 24 வோல்ட் பார்க்கிங் ஏர்கான் கிடைக்கிறது, அதைப் போட்டுக்கொடுங்கள். விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். இதில் அவருக்கு லாபம் குறைவு.

டயர் காற்றும் அப்படித்தான். 60ல் ஓடும் லாரிக்குக் காற்றின் எதிர்ப்பைவிட டயர் உருள்வதன் எதிர்ப்புதான் பெரிது. ஐரோப்பாவில் 90ல் ஓடும் லாரிக்காகச் செய்த காற்றுத் தடுப்புப் பலகைகளை இங்கே மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் காசில் நல்ல டயர் போடலாம்.

சிஓஇ முடியும் இரண்டு வண்டிகளும் 2017 பதிவு என்பதால் யூரோ 5 என்ற புகைக் கட்டுப்பாட்டு ரகமாகத்தான் இருக்கும். யூரோ 6 விதி 2018 ஜனவரியில்தான் வந்தது. கரிமக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, புகையில் உண்டு. வண்டி நல்ல நிலையில் இருந்தால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுவதையே நான் யோசிப்பேன். மின்சார பிரைம் மூவர்கள் இப்போதுதான் சந்தைக்கு வருகின்றன, ஐந்து ஆண்டில் விலையும் தேர்வும் வேறாக இருக்கும். இப்போது பத்து ஆண்டுக்கு ஒரு ஹைப்ரிட்டில் மாட்டிக்கொண்டால் அந்த வாய்ப்பு கையைவிட்டுப் போகும்.

அடுத்து கிரேன் லாரி. இங்கே கதை தலைகீழ். தளத்துக்குப் போய்ச் சேர அரை மணி நேரம், அங்கே கம்பியும் பலகையும் இறக்க மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் ஒரு கிரேனின் பம்பைச் சுற்ற ஏழு லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய இஞ்சின் ஓடுகிறது. பம்புக்கு உண்மையில் தேவைப்படுவது சராசரியாகச் சில கிலோவாட்தான். கல்யாணத்துக்குச் சமைக்கும் அண்டாவில் ஒரு கப் டீ போடுவது போன்ற வேலை. இங்கே பம்பை மின்மோட்டாரால் ஓட்டும் ஹைப்ரிட் அமைப்பு நிஜமாகவே பயன் தரும். பேட்டரி 20 யூனிட் அளவில் இருந்தால் ஒரு நாள் தூக்கும் வேலைக்கு ஏறக்குறையப் போதும். தளத்தில் நாளுக்கு 10 லிட்டர் எரித்துக்கொண்டிருந்தால் ஆண்டுக்கு 7 டன்னுக்கு மேல் கரியமில வாயு. அதே 20 யூனிட்டை இரவில் டிப்போவில் செருகி ஏற்றினால் நாளுக்கு 27 கிலோ வெளியேறிய இடத்தில் 8 கிலோதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செருகி ஏற்றாமல், போகும் வழியில் இஞ்சினே பேட்டரியை நிரப்பும் வகை என்றால் மிச்சம் கணிசமாகக் குறையும். பத்து லிட்டர் ஆறு லிட்டராகலாம், எட்டுக் கிலோ கணக்கெல்லாம் வராது. ஆகவே செருகும் வசதி இல்லாத கிரேன் ஹைப்ரிட்டை எடுக்காதீர்கள். சத்தம் குறைவது இன்னொரு நன்மை. குடியிருப்புகளுக்குப் பக்கத்துத் தளங்களில் காலையிலேயே வேலை தொடங்கும்போது மேற்பார்வையாளர் உங்களைத் திட்டுவது குறையும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். யூரோ 6 வண்டியில் ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு புகைக்குழாய் 200 டிகிரி சூட்டுக்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஹைப்ரிட்டில் இஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடும்போது அது ஆறிப்போகும். கரியமில வாயு குறைந்து, தெருவில் நிற்பவர் மூச்சில் போகும் புகை கூடிவிடக் கூடாது. தயாரிப்பாளரின் சொந்த ஹைப்ரிட் வண்டியில் இதைச் சமாளிக்கும் ஏற்பாடு இருக்கும். பழைய லாரியைப் பிரித்து மோட்டார் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால், இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

14 அடி லாரிகளுக்கு உங்கள் மகன் சொல்வதுதான் சரி. கடைக்குக் கடை நின்று போகும் வேலை என்பதால் ஹைப்ரிட்டும் அங்கே நன்றாக மிச்சம் பிடிக்கும். விற்பனையாளரின் 30க்குப் பக்கத்தில் எங்கேயாவது போக முடியும் என்றால் இந்த வகையில்தான். ஆனால் சிங்கப்பூரில் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே 50 கி.மீ. தூரம்தான். மளிகை இறக்கும் லாரி ஒரு நாளில் ஓடும் தூரத்தை ஒரே இரவு மின்னேற்றத்தில் முடித்துவிடலாம். அதோடு மானியமும் அந்தப் பக்கம்தான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டப்படி 2026 ஜனவரி 1 முதல் 2028 இறுதி வரை, புகையே விடாத கனரக வாகனத்துக்கு 40,000 வெள்ளி கிடைக்கும். சார்ஜருக்குத் தனி உதவி உண்டு. ஹைப்ரிட்டுக்கு இதில் ஒரு காசு கிடையாது. உங்கள் 14 அடி லாரியின் அதிகபட்ச மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேலா கீழா என்று பதிவு விவரத்தில் பாருங்கள். கீழே என்றால் அது இலகு ரக வாகனம். அதற்கான ஊக்கத்தொகைத் திட்டம் வேறு.

ஆனால் மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். "முழு மின்சாரம் என்றால் வெளியேற்றம் பூஜ்ஜியம்" என்று வாடிக்கையாளர் படிவத்தில் எழுதிவிடாதீர்கள். நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு. 24 டன் மின்சார லாரி கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் எடுத்தால், மின்னேற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். அதே டீசல் லாரிக்கு 0.8 கிலோ. நன்றாக ஓட்டும் ஹைப்ரிட்டுக்கு 0.7க்குப் பக்கம். இன்றைய நிலையில் ஹைப்ரிட்டுக்கும் மின்சார லாரிக்கும் இடைவெளி விளம்பரம் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. எதிர்காலத்தில்தான் அது விரியும். 2035க்குள் 6 கிகாவாட் அளவு கரிமம் குறைந்த மின்சாரத்தை வெளியிலிருந்து கொண்டுவர எரிசக்திச் சந்தை ஆணையம் திட்டமிட்டிருக்கிறது. அது வர வர, இன்று வாங்கிய மின்சார லாரி சும்மா நின்ற இடத்திலேயே சுத்தமாகிக்கொண்டு போகும். ஹைப்ரிட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வேண்டுமானால் அதன் எரிபொருளை மாற்றலாம். துவாஸில் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை 2023ல் விரிவாக்கப்பட்டு ஆண்டுக்கு 26 லட்சம் டன் தயாரிக்கும் திறன் பெற்றது; பழைய சமையல் எண்ணெய், கொழுப்புக் கழிவு போன்றவற்றிலிருந்து புதுப்பிக்கத்தக்க டீசலும் விமான எரிபொருளும் அங்கே தயாராகின்றன. வாழ்நாள் கணக்கில் 90 விழுக்காடு வரை வெளியேற்றம் குறையும் என்பது நிறுவனம் சொல்லும் எண். தயாரிப்பாளர் ஒப்புதல் இருந்தால் உங்கள் பிரைம் மூவரில் எதையும் மாற்றாமல் ஊற்றலாம். விலை அதிகம். படிவம் அனுப்பிய வாடிக்கையாளரிடமே, "இந்த எரிபொருளில் ஓட்டுகிறேன், கூடுதல் விலையில் பாதியை நீங்கள் ஏற்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கரிமம் குறைய வேண்டும் என்று அவர் எவ்வளவு நிஜமாக விரும்புகிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

படிவத்துக்கு வருகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. பெரிய நிறுவனங்கள் இப்போது தங்கள் பருவநிலை அறிக்கையில் சரக்குப் போக்குவரத்தையும் காட்டத் தொடங்கியிருப்பதால் அந்தக் கேள்வி உங்கள் மேசைக்கு வருகிறது. உங்கள் டீசல் அட்டைக் கணக்கே பாதிப் பதில். வண்டிவாரியாக லிட்டர், கிலோமீட்டர், ஏற்றிய டன், இஞ்சின் சும்மா ஓடிய மணி நேரம், இந்த நான்கையும் மூன்று மாதம் குறித்துவையுங்கள். ஜிபிஎஸ் கருவி இருந்தால் கடைசி எண்ணை அதுவே தரும். போக்குவரத்து வெளியேற்றத்தைக் கணக்கிட 2023ல் வந்த ஐஎஸ்ஓ 14083 என்ற தரம் இருக்கிறது. வாடிக்கையாளர் அதன்படிதான் கேட்கிறாரா என்று ஒரு மின்னஞ்சலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். காலியாகத் திரும்பும் ஓட்டத்தை மறைக்காதீர்கள். துவாஸிலிருந்து ஏற்றிப் போய் வெறுமனே திரும்பும் பயணத்தைக் குறைத்தாலே, எந்தப் புது வண்டியும் வாங்காமல் ஒரு டன் சரக்குக்கான வெளியேற்ற எண் இறங்கும். திட்டம் என்ற பகுதியில் கிரேன் லாரிக்கு மின்பம்பு, 14 அடிக்கு மின்சாரம், பிரைம் மூவருக்குப் பார்க்கிங் ஏர்கான் என்று ஆண்டைக் குறிப்பிட்டு எழுதினால் போதும்.

விற்பனையாளர் மறுபடியும் வந்தால், கிரேன் லாரிக்கு மட்டும் விலைப்பட்டியல் கேளுங்கள். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், அது முடிந்தபின் புதுப் பேட்டரி என்ன விலை, அதை மாற்ற இங்கேயே ஆள் இருக்கிறாரா, வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வண்டியை ஒரு வாரம் உங்கள் சொந்தத் தளத்துக்கு அனுப்பி, உங்கள் ஓட்டுநரே ஓட்டி, நீங்களே டீசல் அளந்து பாருங்கள். ஒரு வாரம் தர மறுத்தால் வேறு கடையைப் பாருங்கள்.